களஞ்சியத்தின் நடுவே ஒரு மாளிகை

மாளிகை என்றதும் எமது மனக்கண்முன் வருவது, உயர்ந்த மதில்களுக்குள் வேலையாட்கள் சூழப் பிரபுக்கள் வாழ்ந்த ஒரு வீடுதான். மண்ணுக்கும் வியர்வைக்கும் அதற்கும் வெகுதூரம் என்று எண்ணிக்கொள்வோம். இத்தாலியின் வடகிழக்கே, வெனெத்தோ மாநிலத்தில், திரெவீசோ நகருக்கு மேற்கே பன்சோலோ என்றொரு சிற்றூர் உண்டு. அங்கேயுள்ள எமோ மாளிகையைப் பற்றி அறிந்தால் இந்த எண்ணம் மாறிவிடும்.

அதன் முன்னால் நிற்பவருக்கு நடுவிலே ஒரு வீடும், அதன் இரு பக்கமும் சிறகு விரித்தாற்போல் நீண்டு செல்லும் வளைவுகளும் தெரியும். அந்தச் சிறகுகள் விருந்து மண்டபங்கள் அல்ல. தானியக் களஞ்சியம், மாட்டுத் தொழுவம், முந்திரிகை இரசம் வைக்கும் அறை, வண்டியும் கலப்பையும் விடும் மால் ஆகியவையே அவை. கமக்காரனுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே கூரைத் தொடரின் கீழ் இருக்கின்றன. நடுவிலிருக்கும் வீட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பெரிய கமம்தான்.

இந்த வீடு ஏன் எழுந்தது? எப்படி அமைந்தது? அதன் களஞ்சியத்தை நிரப்பியவர்களுக்கு என்ன கிடைத்தது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம். காணியையும் வீட்டையும் விட்டு வந்த எமக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியமானது.

கடலிலிருந்து நிலத்துக்கு

வெனிஸ் நகரம் தண்ணீரின் மேல் கட்டப்பட்டது. அதன் பிரபுக்கள் பல நூற்றாண்டுகளாகக் கப்பல் வணிகத்தால் வாழ்ந்தவர்கள். எமது தீவின் கறுவா கூட அராபிய வணிகரின் கைகளினூடாக எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து வெனிஸ் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போனது. 1498 இல் வாஸ்கோ ட காமா இந்தியாவை அடைந்தார். 1505 இல் போர்த்துக்கேயர் எமது கரையிலும் இறங்கினர். வாசனைத் திரவிய வணிகத்தில் வெனிஸ் கொண்டிருந்த பிடி ஆட்டங்காணத் தொடங்கியது.

அதைவிடப் பெரிய அடி நிலத்தில் விழுந்தது. 1509 இல் பிரான்ஸ் மன்னர், ஜேர்மானியப் பேரரசர், ஸ்பானிய மன்னர், பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் ஆகியோர் ஒன்றுசேர்ந்து வெனிஸ்மீது போர் தொடுத்தனர். மே 14 ஆம் திகதி அஞ்ஞதெல்லோ என்னுமிடத்தில் வெனிஸ் படை தோற்றது. படைகள் வெனெத்தோச் சமவெளிக்குள் புகுந்தன. கிராமத்துக் குடும்பங்கள் மாடு கன்றுகளையும் ஓட்டிக்கொண்டு வெனிஸ் நகருக்குள் அடைக்கலம் தேடி ஓடின. வயல்கள் பாழாயின. போர் முழுமையாக ஓய 1517 ஆயிற்று. பத்து ஆண்டுகள் கழிய, 1527 இற்கும் 1529 இற்கும் இடையில், கொடிய பஞ்சம் வந்தது. பட்டினியால் வாடிய கிராம மக்கள் நகரத் தெருக்களில் வந்து விழுந்தனர்.

அப்போதுதான் வெனிஸ் பிரபுக்களுக்கு ஓர் உண்மை உறைத்தது. கப்பலில் வரும் பொன்னை உண்ண முடியாது. பிற நாட்டுத் தானியத்தை நம்பியிருக்கும் நகரம் எந்நேரமும் பட்டினியின் வாசலில்தான் நிற்கிறது. பாதுவாவைச் சேர்ந்த அல்வீசே கொர்னாரோ என்பவர், கமத்தொழிலைப் புனிதமான தொழில் என்றே எழுதி, சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கிக் காட்டினார். 1556 இல் வெனிஸ் அரசு தரிசு நிலங்களுக்கென ஒரு தனிப் பணிமனையையே அமைத்தது. வெள்ளத்தை வடிப்பதும் வரண்ட நிலத்துக்கு நீர் கொடுப்பதும் அதன் கடமை.

இந்தக் காலத்தில் நிலத்துக்கு வந்த குடும்பங்களில் ஒன்றுதான் எமோ. பன்சோலோக் காணியை லெயொனார்தோ எமோ என்னும் பிரபு 1535 அளவில் பார்பாரிகோ குடும்பத்தாரிடமிருந்து பெற்றார். அது கூழாங்கல் கலந்த, தண்ணீர் நில்லாத பூமி. ஆனால் 15 ஆம் நூற்றாண்டிலேயே பியாவே ஆற்றிலிருந்து வெட்டப்பட்ட வாய்க்கால் ஒன்றின் கிளை இப்பக்கம் வந்திருந்தது. எமோ குடும்பம் அந்த நீரைக் கொண்டு நிலத்தைத் திருத்தியது. முன்பு இறுங்கு விளைந்த நிலத்தில், அமெரிக்கக் கண்டத்திலிருந்து புதிதாக வந்த சோளத்தைப் பயிரிட்டது. முதலில் நீர், பின்பு பயிர், அதன் பின்பே மாளிகை. இந்த ஒழுங்கை நாம் கவனிக்க வேண்டும்.

ஆலைத் தொழிலாளியின் மகன்

லெயொனார்தோவின் பேரனுக்கும் அவருடைய பெயரே. 1532 இல் பிறந்த அந்த இளைய லெயொனார்தோ, 1550களின் பிற்பகுதியில் இவ்வீட்டைக் கட்டும் பொறுப்பை அந்திரேயா பல்லாடியோவிடம் கொடுத்தார்.

பல்லாடியோ பிரபு குலத்தவர் அல்லர். 1508 இல் பாதுவா நகரில் மாவாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 13 வயதில் கல்தச்சரிடம் வேலை பழகச் சேர்க்கப்பட்டார். பல ஆண்டுகள் உளியும் சுத்தியலுமாகவே வாழ்ந்தார். பின்பு விச்சென்சா நகரின் கல்விமான் ஒருவர் அவருடைய திறமையைக் கண்டு, உரோமாபுரிக்கு அழைத்துச் சென்று பழைய கட்டடங்களைக் காட்டினார். பல்லாடியோ என்ற பெயரையும் அவரே சூட்டினார். 1570 இல் பல்லாடியோ வெளியிட்ட கட்டடக் கலை பற்றிய நான்கு நூல்கள் உலகெங்கும் பரவின. 1580 இல் அவர் காலமானார்.

ஆலையிலும் கற்பட்டறையிலும் வளர்ந்தவருக்கு வேலை செய்கிறவனின் அலுப்புத் தெரியும். மழை வந்தால் தானியம் என்னவாகும் என்பதும் தெரியும். அந்த அறிவு இவ்வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

வீட்டின் அமைப்பு

நடுவீடு நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டுள்ளது. அதற்கு ஏறுவதற்குக் குறுகிய படிக்கட்டு இல்லை. அகன்ற, கல் பாவிய ஒரு சரிவுப்பாதை மெதுவாக மேலேறி வாசலுக்குப் போகிறது. இவ்விடத்தில் கதிரடித்துத் தானியம் காயவைத்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். பிரபுவின் தலைவாசலுக்கு ஏறும் வழியே களமாகவும் இருந்திருந்தால் அது எவ்வளவு பொருத்தம்!

மேலே நான்கு தூண்கள் தாங்கும் திறந்த விறாந்தை உண்டு. அதன் மேல், பழைய கோயில்களில் உள்ளதைப் போன்ற முக்கோண முகப்பில் எமோ குடும்பத்தின் சின்னம் இருக்கிறது. இவ்வளவுதான் வெளி அலங்காரம். சாளரங்களைச் சுற்றிச் சித்திர வேலைப்பாடு ஒன்றும் இல்லை. வெறுஞ்சுவரும் அளவான திறப்புகளுமே அழகாய் அமைந்துவிட்டன. பல்லாடியோ விலையுயர்ந்த கல்லை அள்ளி இறைப்பவர் அல்லர். பெரும்பாலும் செங்கல்லைக் கட்டி மேலே சாந்து பூசுவார். கல் அவசியமான இடத்தில் மட்டுமே கல். பெருமை பொருளின் விலையில் அல்ல, அளவுகளின் பொருத்தத்தில் என்பது அவர் கொள்கை.

இரு பக்கமும் நீளும் சிறகுகளில் பக்கத்துக்கு 11 வளைவுகள். வளைவுகளின் கீழ் நீண்ட தாழ்வாரம். அதன் பின்னால் களஞ்சியமும் தொழுவமும் ஏனைய அறைகளும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மழையில் நனையாமலும் வெயிலில் காயாமலும் போய்வரலாம். தமது நூலில் இம்மாளிகையைப் பற்றி எழுதும்போது பல்லாடியோ இதைத்தான் எடுத்துச் சொல்கிறார். சிறகுகளின் முனைகளில் இரண்டு புறாக்கூட்டுக் கோபுரங்கள் நிற்கின்றன. புறா இறைச்சியும் எருவும் தந்தது. கோபுரம் கட்டடத்துக்கு அழகும் தந்தது. பயனும் அழகும் ஒன்றாகவே நின்றன.

வீட்டின் பின்னால் 80 'காம்பி' நிலம் இருந்ததாகவும், அதன் நடுவே ஒரு சிற்றாறு ஓடியதாகவும் அவர் குறிப்பிடுகிறார். காம்பி என்பது அந்நாட்டு நில அளவை. 80 காம்பி எமது கணக்கில் ஏறத்தாழ 100 ஏக்கர். முன்னும் பின்னும் நேராக ஓடும் பாதைகள், பழைய உரோமர் வயல்களைப் பங்கிட்ட கோடுகளையே பின்பற்றுகின்றன. கி.மு. 148 இல் போடப்பட்ட பொஸ்தூமியா பெருவீதியை ஒட்டி அவர்கள் இட்ட எல்லைகள், 1,700 ஆண்டுகளின் பின்னும் ஒரு வீட்டின் திசையை நிச்சயித்தன.

உள்ளே ஜொவான்னி பத்திஸ்தா செலோத்தி என்னும் ஓவியர் சுவரெங்கும் படம் தீட்டியிருக்கிறார். உரோமரின் வீரக்கதைகளும் தெய்வக்கதைகளும் அவற்றில் உண்டு. ஆனால் விறாந்தையில் வருகிறவரை முதலில் வரவேற்பது கமக்கருவிகளோடு இருக்கும் செரெஸ், அதாவது பழைய உரோமரின் தானிய தேவதை. உள்ளே போகும் வழியில் முந்திரிகைக் கொடிப் பந்தர் ஒன்று கூரையில் வரையப்பட்டுள்ளது.

நாமும் கொள்ளத்தக்க விதிகள்

கமவீடு ஒன்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று பல்லாடியோ தமது இரண்டாம் நூலில் விரிவாகக் கூறுகிறார். அவற்றுட் சிலவற்றை இங்கே தருகிறோம்.

வீடு காணியின் நடுவே இருப்பது நல்லது. நாலு பக்கமும் பார்வை செல்லும். ஓடும் நீர் அருகில் இருக்க வேண்டும். தேங்கிய நீருக்கு அருகே கட்டலாகாது, அது நோயைத் தரும். மாட்டுத் தொழுவம் நாற்றம் வராத தூரத்தில், ஆனால் வெளிச்சமும் கதகதப்பும் உள்ள இடத்தில் இருக்க வேண்டும். தானிய அறை வடக்கு நோக்கினால் தானியம் சூடேறாது. காற்று ஊடாடி நெடுநாள் கெடாமல் இருக்கும். அதன் தரைக்குச் சுண்ணாம்பு ஆகாது, தானியம் பழுதாகும். வைக்கோல் வெயில் படும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே வெப்பம் மூண்டு தீப்பற்றும்.

சூடடிக்கும் களத்துக்கும் விதி உண்டு. வீட்டுக்கு மிகக் கிட்ட இருந்தால் தூசி. மிகத் தூரமானால் கண்பார்வைக்கு எட்டாது. நடுப்பகுதி சற்று உயர்ந்திருந்தால் நீர் வடியும். ஒரு பக்கத்திலாவது கூரை போட்ட தாழ்வாரம் இருக்க வேண்டும். திடீரென மழை வந்தால் தானியத்தை உடனே அதற்குள் தள்ளிவிடலாம்.

எமது நாட்டின் வெயிலும் காற்றும் வேறு. ஆகவே திசைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, காரணங்களை எடுத்துக்கொள்ளலாம். எமது முன்னோர் கொம்பறையை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்ததும் இதே அறிவினால்தான். மீண்டும் ஒரு வீடு கட்டும் நாள் வரும்போது, அறைகளை மட்டும் எண்ணாமல் களத்தையும் தொழுவத்தையும் கிணற்றையும் சேர்த்தே திட்டமிடுவது நன்று.

கோதுமை பிரபுவுக்கு, சோளம் குடியானவனுக்கு

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

இத்தனை அழகான களஞ்சியத்தை நிரப்பியவர்கள் அதில் வாழவில்லை. வெனெத்தோவின் ஏழைக் குடியானவர்கள் பலர் மண்சுவரும் நாணற்புல் வேய்ந்த கூரையும் கொண்ட 'கசோனி' என்னும் குடிசைகளில் வாழ்ந்தனர். பிரபுக்களின் மாளிகைகள் நிலைத்து நிற்கின்றன. அக்குடிசைகளில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன.

காணி வாரத்துக்கோ குத்தகைக்கோ விடப்பட்டது. விளைந்த கோதுமை பிரபுவின் களஞ்சியத்துக்குப் போனது. குடியானவன் தனக்கென வைத்துக்கொண்டது சோளம். அதன் மாவைக் கிண்டிய 'பொலெந்தா' என்னும் களியே காலையும் மாலையும் அவன் உணவாயிற்று. சோளம் பஞ்சத்தைத் தடுத்தது உண்மை. ஆனால் அதை மட்டுமே உண்டவர்களிடையே 18 ஆம் நூற்றாண்டில் ஒரு புதிய நோய் பரவியது. வெயில் படும் தோல் தடித்து வெடித்தது, வயிற்றோட்டம் கண்டது, பின்பு புத்தி பேதலித்தது, பலர் மாண்டனர். 1771 இல் பிராப்போல்லி என்ற இத்தாலிய மருத்துவர், கரடான தோல் எனப் பொருள்படும் 'பெல்லாக்ரா' என்னும் பெயரை எழுத்தில் பதித்தார்.

காரணம் பின்னாளில்தான் தெரிந்தது. உடலுக்கு வேண்டிய நியாசின் என்னும் உயிர்ச்சத்து, சோளத்தில் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டிருக்கிறது. மெக்சிக்கோவின் பூர்வீக மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து உண்டதால் அவர்களுக்கு இந்நோய் வரவில்லை. ஐரோப்பாவுக்கு விதை வந்தது. அதைச் சமைக்கும் அறிவு வரவில்லை.

இது பழங்கதை என்று விட்டுவிடக் கூடாது. 1990 இல் மலாவி நாட்டில் தங்கியிருந்த மொசாம்பிக் அகதிகளுக்கு, சோளத்தோடு வழங்கப்பட்டு வந்த கச்சான் கிடைக்காமற்போனது. 17,000 பேருக்கு மேல் இதே நோய் கண்டது. நிவாரணத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு பிடி பயறும் கச்சானும் கீரையும் மீனும் எத்துணை முக்கியம் என்பதை இதனால் உணரலாம்.

அர்ச். மார்ட்டின் திருநாள்

வட இத்தாலியச் சமவெளியில் குத்தகை ஆண்டு முடியும் நாள் நவம்பர் 11, அர்ச். மார்ட்டின் திருநாள். அறுவடையும் முந்திரிகை வேலையும் முடிந்திருக்கும். காணிக்காரன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால், அன்று குடும்பம் முழுவதும் கட்டிலையும் சட்டிபானையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறிடம் தேடிப் போக வேண்டும். அதனால்தான் 'மார்ட்டின் செய்வது' என்றால் வீடு மாறுவது என்று அம்மக்கள் பேச்சிலே பொருள் வந்தது. ஏழைக்குத் தன் மேலாடையைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்த புனிதரின் நாள், ஏழை வீடிழக்கும் நாளாயிற்று.

பொது நிலமும் கைவிட்டுப் போனது. ஊரவர் காலங்காலமாக மாடு மேய்த்து விறகு பொறுக்கிய நிலங்கள், சட்டப்படி வெனிஸ் அரசின் உடைமை என்றே கருதப்பட்டன. கிரேத்தா தீவுக்காகத் துருக்கியரோடு 1645 முதல் 1669 வரை நடந்த போரின் செலவுக்காக அரசு அவற்றுட் பலவற்றை விற்றது. வாங்கியவர்களுட் பெரும்பகுதியினர் பணம் படைத்த பிரபுக்கள். பயன்படுத்தி வந்த உரிமை வேறு, உறுதியில் எழுதப்பட்ட உரிமை வேறு என்பதைக் குடியானவர்கள் காலம் கடந்தே அறிந்தனர்.

1875 முதல் வெனெத்தோவின் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாகப் பிரேசிலுக்குக் கப்பலேறினர். தென்பகுதி மலைக்காடுகளில் துண்டுக் காணி பெற்று, காடு வெட்டி, முந்திரிகையும் சோளமும் நட்டனர். ஊரார் கூடிச் சிற்றாலயம் கட்டினர். அதுவே அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் சபைக்கூடமும் ஆனது. அப்படி எழுந்த கஷியஸ் டோ சுல் நகரில் 1931 முதல் முந்திரிகைத் திருவிழா நடந்து வருகிறது. அவர்கள் கொண்டுபோன பேச்சு 'தலியான்' என்னும் பெயரால் 2014 இல் பிரேசிலின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்கப்பட்டது. காணி இல்லாமற் போனவர்கள் கையில் விதையும் மொழியும் செபமும் இருந்தன.

போகாதவர்களுக்கும் அமைதி இல்லை. 1917 இன் இறுதியில் முதலாம் உலகப்போரின் போர்முனை பியாவே ஆற்றிலேயே வந்து நின்றது. வடகிழக்கு இத்தாலியில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர்.

சங்கம் தந்த பலம்

இருந்த இடத்திலேயே மாற்றம் தேடியவர்களும் உண்டு. பன்சோலோவிலிருந்து அதிக தூரமில்லாத லொரெஜ்ஜா என்னும் கிராமத்தில், லெயோனே வொல்லெம்போர்க் என்ற யூத இளைஞர் 1883 இல் இத்தாலியின் முதலாவது கிராமியக் கடனுதவுச் சங்கத்தை ஆரம்பித்தார். ஜேர்மனியில் ரைபைசன் காட்டிய வழியை அவர் பின்பற்றினார். ஒருவரையொருவர் அறிந்த ஊரவர், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்றனர். விதைக்கும் பசுவுக்கும் வட்டிக்காரனிடம் போகும் நிலை குறைந்தது. 1890 இல் கம்பராரே என்னும் ஊரில் அருட்தந்தை லூயிஜி செருத்தி முதலாவது கத்தோலிக்கக் கிராமியச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் உரிமை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். அதன்பின் பங்குதோறும் இச்சங்கங்கள் பெருகின.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1964 இல் புதிய வார ஒப்பந்தங்களை இத்தாலி தடைசெய்தது. 1982 இல் எஞ்சியவற்றைச் சாதாரணக் குத்தகையாக மாற்ற வழி செய்தது. எமோ மாளிகையோ 1996 இல் பல்லாடியோவின் ஏனைய மாளிகைகள் பலவற்றோடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பத்தின் கையிலிருந்த அவ்வீடு 2004 இல் விற்கப்பட்டது. வாங்கியது யார் தெரியுமா? அப்பகுதியின் கூட்டுறவு வங்கி. அந்தப் பழைய கிராமியச் சங்கங்களின் வழிவந்த வங்கி. ஒரு காலத்தில் கோதுமையை மூடை மூடையாகச் சுமந்து அக்களஞ்சியத்தில் இறக்கியவர்களின் சந்ததியார் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு, அதே களஞ்சியத்தை விலைகொடுத்து வாங்கியது.

வாசகர்களே, கட்டியவரே வீட்டில் குடியிருப்பதும் நட்டவரே பலனை உண்பதும் இறைவன் வாக்களித்த நீதி என்று எசாயா ஆகமத்தின் 65 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பன்சோலோவில் அந்த நீதி வர நெடுங்காலம் சென்றது. வந்தபோதும் முழுமையாக வரவில்லை. ஆயினும் அவ்வூரின் கதை மூன்றைச் சொல்கிறது. நீரையும் களத்தையும் அறிந்து கட்டிய வீடு நிலைக்கும். உரிமையை எழுத்தில் வைத்துக்கொள்ளாதவன் அதை இழப்பான். தனித்து நிற்பவனின் சேமிப்புக் கரைந்துபோகும். கூடிச் சேர்ப்பவர்களின் சேமிப்பு ஒருநாள் மாளிகையின் கதவையும் திறக்கும்.

உங்கள் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ எங்கேயிருக்கிறது என்று இன்றே பாருங்கள். எல்லைகளையும் கிணற்றையும் நின்ற மரங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதி வையுங்கள். தங்கியிருக்கும் இடத்திலேயே பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு சிறு சேமிப்பைத் தொடங்குங்கள். லொரெஜ்ஜாவிலும் தொடக்கம் அவ்வளவு சிறியதாகத்தான் இருந்தது.